ஜிகோவைக் கழற்றி எறியச் சொன்னவரே, சீல் மாத்தினீங்களா?

இரட்டைக்குழல்:
நேத்து இங்கே பழைய எஸ்டி பைக்கைப் பத்தி ஒருத்தர் எழுதியிருக்கார்: "எஸ்டி ரோட்கிங் வாங்கினா முதல் வேலையா ஜிகோவ் கார்புரேட்டரைக் கழட்டிக் காயலான் கடையில போடு, மிகுனி மாட்டு, அப்பத்தான் வண்டி ஓடும்." அதுக்குக் கீழே ஏகப்பட்ட பேர் கைதட்டல். ஜிகோவ், மிகுனி ரெண்டும் பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு விடுற கார்புரேட்டரோட பிராண்டு பேர். படிச்சதிலிருந்து வயிறு எரியுது. 1978-ல மைசூர்லேருந்து ரோட்கிங் வந்தப்போ அதில இருந்தது ஜிகோவ்தான். அதோட கொடைக்கானல் ஏறி இறங்கினவங்க எத்தனை பேர்! ஆக்ஸிலேட்டரை விட்டா ரேஸ் இறங்கலேன்னா முதல்ல பார்க்க வேண்டியது கிராங்க் சீல், அதாவது இன்ஜின் ஷாஃப்டோட ரெண்டு பக்கமும் காத்து புகாம அடைக்கிற ரப்பர் வளையம். அதை மாத்தினீங்களா? அந்தப் பதிவுல அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை.

லேத்துப்பட்டறை:
நான்தானுங்க எழுதினேன். என்கிட்டயே நேரா கேட்டிருக்கலாம், தனி இழை எதுக்கு? என் பட்டறைக்கு வர்ற எஸ்டி எல்லாத்துலயும் ஒரே கதை. கார்புரேட்டருக்குள்ள ஆக்ஸிலேட்டரோட ஏறி இறங்குற ஸ்லைடை உருவிப் பார்த்தா இன்ஜின் பக்கம் தேஞ்சு பளபளன்னு கிடக்கும். பாடிக்குள்ள விட்டு ஆட்டினா கடகடங்குது. பாடி துத்தநாகக் கலவை, அதுவும் ஓவலாகியிருக்கும். உள்ளே குடைஞ்சு பித்தளையில புது ஸ்லைடு கடையலாம், நானே கடைஞ்சிருக்கேன். ஆனா ஸ்லைடோட அடி வெட்டு (கட்அவே), நீடில் உக்கார்ற இடம் எல்லாம் அச்சு அசலா வரணும். அந்தக் கூலிக்கு மிகுனியே வந்துடும். அதுக்குப் பெட்ரோலை அளந்து விடுற ஜெட் எந்த ஊர்லயும் கிடைக்கும். ஜிகோவுக்கு, பெட்ரோல் நிறைஞ்சதும் வழியை அடைக்கிற ஃப்ளோட் நீடில் ஒண்ணு வாங்கித் தாங்க பார்ப்போம்.

இரட்டைக்குழல்:
ஸ்லைடு தேயாதுன்னு நான் சொல்லவே இல்லை. சீல் மாத்தினீங்களான்னு கேட்டேன்.

விவரமா சொல்றேன், மத்தவங்களுக்காவது பயன்படட்டும். இது டூ ஸ்ட்ரோக். கிராங்க் கேஸுக்குள்ளதான் பெட்ரோல் கலவை உறிஞ்சி அமுக்கப்படுது. ரெண்டு பக்கமும் சீல் இறுக்கமா இருந்தாத்தான் அது நடக்கும். வலது பக்கம், டைனமோ பக்கத்து சீல் போச்சுன்னா காத்தை இழுக்கும். கலவை லீன் ஆகும், அதாவது காத்து கூடிப் பெட்ரோல் குறையும், ரேஸ் தூக்கிக்கிட்டு நிக்கும், கடைசியில சூட்டுல பிஸ்டன் சிலிண்டர்ல இறுகிப் பிடிக்கும். இடது பக்கம், பிரைமரி செயின் பக்கத்து சீல் போச்சுன்னா கியர் ஆயிலை இழுத்து எரிக்கும். வெள்ளைப் புகை நிக்காது, கியர் ஆயில் குறைஞ்சுக்கிட்டே போகும். இதைப் பார்க்காம கார்புரேட்டரை மாத்துறது தலைவலிக்குப் பல்லைப் பிடுங்குறது.

சோதிக்கப் பெரிய மெஷின் வேண்டாம். இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் ரப்பர் ஷீட் வச்சு அடைங்க. கேஜ் வச்ச பம்புல 5, 6 பிஎஸ்ஐக்கு மேல ஏத்தாதீங்க, சில நிமிஷம் நிக்குதான்னு பாருங்க. இறங்கினா சோப்புத் தண்ணி தடவுங்க, நுரை வர்ற இடம் ஓட்டை. லேத் வச்சிருக்கிறவர் ஒரு வண்டியிலாவது இதைச் செஞ்சாரா?

மேட்டூர்த்தம்பி:
அண்ணே, சீல் எங்கே வாங்குறது? புது எஸ்டி ஷோரூம்ல கேட்டா கிடைக்குமா?

இரட்டைக்குழல்:
தம்பி, அந்தப் பக்கமே போகாதே. 2018-ல திரும்பி வந்த ஜாவாவும் (எஸ்டிக்கு முன்னாடி அதே மைசூர் கம்பெனி வண்டிக்கு இருந்த பேர்) 2022-ல வந்த எஸ்டியும் ஃபோர் ஸ்ட்ரோக், லிக்விட் கூலிங். டேங்க்ல பேர் மட்டும்தான் ஒண்ணு. சீலுக்கு எஸ்டி பேரே தேவையில்லை. பழைய சீல் மேலேயே உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூணும் மில்லிமீட்டர்ல இருக்கும். அழிஞ்சிருந்தா ஷாஃப்டையும் ஹவுசிங்கையும் வெர்னியர்ல அள. பேரிங் கடையில அந்த மூணு எண்ணைச் சொன்னாப் போதும். வைட்டான்ங்கிற, சூடும் பெட்ரோலும் தாங்குற ரப்பர்ல கேள். இப்போ பங்க்ல வர்ற, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் எல்லாம் தாங்கறதில்லை.

பேரிங்கும் அப்படித்தான். 6204-ன்னா கடைசி ரெண்டு எண்ணை அஞ்சால பெருக்கு, 20 மி.மீ. உள்விட்டம். 6305-ன்னா 25. கிராங்குக்கு வாங்கும்போது சி3 இருக்கான்னு பார்த்து வாங்கு. சூட்டுல விரியறதுக்கு உள்ளே கூடுதல் இடைவெளி உள்ளது அதுதான். சி3 இல்லாததைத் தலையில கட்டுற கடைக்காரர்கள் உண்டு.

லேத்துப்பட்டறை:
ஓஹோ. பேரிங் கடையில கிடைக்கிற பேரிங் போடலாம், வைட்டான் சீல் போடலாம், அது மைசூர் ஃபேக்டரியில போட்டதா? அது மட்டும் ஒரிஜினல். நான் மிகுனி போட்டா வண்டியைக் கொன்னவன். நல்லா இருக்குதுங்க நியாயம்.

பதிவேடு:
ஒரு சின்ன வேண்டுகோள். "ஒரிஜினல்"னா ஃபேக்டரியில பூட்டினதா, அதே அளவுல இன்னைக்குச் செஞ்சதா, அதே வேலையைச் செய்யறதா? இதை முடிவு பண்ணிட்டுப் பேசலாமே.

புல்லட்டுக்காரன்:
இதுக்குத்தான் புல்லட் வாங்கணும்னு சொல்றது. 1955-லேருந்து சென்னையில செய்யறாங்க, நடுவுல ஒரு நாளும் மறைஞ்சு போகலை. புதுப்பேட்டையில கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாலும் பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டுக்கு சாமான் எடுத்துத் தருவாங்க. 1996-லேயே இழுத்து மூடின கம்பெனி வண்டியை வச்சுக்கிட்டு சீலுக்கு அழுறீங்க.

இரட்டைக்குழல்:
புல்லட்டுக்காரரே, நீங்க எந்த இழைக்கும் இதைத்தான் கொண்டு வர்றீங்க. புதுப்பேட்டையில கிடைக்கிற சாமான்ல எத்தனை டூப்ளிகேட்னு உங்க குரூப்லயே புலம்பல் ஓடுது. கம்பெனி மூடி இத்தனை வருஷமாகியும் ஜூலை ரெண்டாவது ஞாயிறு ஜாவா நாள்னு ஊர் ஊரா வண்டி கிளம்புது. அது எங்க வண்டியோட பெருமை. விடுங்க.

லேத்து அண்ணனுக்கு: பேரிங்கும் சீலும் அளவுக்கு அளவு அப்படியே உக்காரும். மிகுனி உக்காராது. ஜிகோவ், இன்ஜினோட ஒட்டுற தட்டை முகத்துல (ஃபிளான்ஜ்) ரெண்டு போல்ட்ல நிக்குது. மிகுனிக்கு நீங்க ஒரு அடாப்டர் கடையணும், ரப்பர் வைக்கணும். ஏர் ஃபில்டர் ஹோஸ் எட்டாது, அதனால திறந்த ஃபில்டர் ஒண்ணைச் சொருகுவீங்க. காத்து கூடும், லீன் ஆகும், மெயின் ஜெட் ஏத்தணும். ஏத்துறீங்களா? பிளக் கழட்டி காப்பிக்கலர்ல இருக்கான்னு பார்க்கிறீங்களா? வெள்ளையா வெளுத்த பிளக்கோட அனுப்பிடுவீங்க. அடுத்த மாசம் பிஸ்டன் பிடிச்சு வருவான். அதுக்கும் கூலி.

லேத்துப்பட்டறை:
என் தொழிலைத் தொட்டுப் பேசாதீங்க. கூலிக்காக வண்டியைக் கெடுத்து அனுப்புற ஆள் நான் இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் பிளக் பார்த்துத்தான் ஜெட் போடுறேன். பிஸ்டன்னு சொன்னதால கேக்குறேன், போன வருஷம் 65 மி.மீ. சிலிண்டர் விட்டம்தானேன்னு வேற வண்டி பிஸ்டனைப் போடச் சொல்லி இங்கே எழுதினது யாருங்க? டூ ஸ்ட்ரோக் பிஸ்டன்ல ரிங் சுத்தாம இருக்க பின் உண்டு. அந்தப் பின் சிலிண்டர் சுவத்துல இருக்கிற ஓட்டைக்கு (போர்ட்) நேரா வந்தா ரிங் முனை போர்ட்ல மாட்டி உடையும். அப்போ உங்க அளவு நியாயம் எங்கே போச்சு?

இரட்டைக்குழல்:
ரிங் பின் இருக்கிற இடம், பிஸ்டனைக் கோக்குற கட்ஜன் பின் விட்டம், கட்ஜன் பின்னுக்கு மேல எவ்வளவு உயரம், பிஸ்டனோட அடிப்பக்க ஸ்கர்ட் நீளம், எல்லாத்தையும் பார்த்துப் போடுன்னுதான் எழுதினேன். பாதியைப் படிச்சிட்டு வராதீங்க. பேச்சை மாத்தவும் வேண்டாம். சீல்?

மேட்டூர்த்தம்பி:
அண்ணே, என் வண்டியில புகை இல்லை, ரேஸ் மட்டும் இறங்கலை. அப்போ வலது சீலா, ஸ்லைடா?

லேத்துப்பட்டறை:
ஸ்லைடுதான் தம்பி. கொண்டு வா, கழட்டிக் காட்டுறேன்.

இரட்டைக்குழல்:
பார்க்காமலே சொல்லிட்டார் பாருங்க! தம்பி, அங்கே போறதுக்கு முன்னாடி ஃபிளான்ஜைப் பார். போல்ட்டை அளவுக்கு மேல முறுக்கியிருப்பாங்க, ரெண்டு காதும் வளைஞ்சு நடுவுல வெளிச்சம் தெரியும். கண்ணாடி மேல எமெரி ஷீட் ஒட்டி, ஃபிளான்ஜை எட்டு போடுற மாதிரி தேய். முழுசும் ஒரே மினுமினுப்பா வந்ததும் புது பேக்கிங் போட்டு மாட்டு. அப்புறம் பம்பு சோதனை. அதுக்கப்புறமும் இறங்கலேன்னாத்தான் ஸ்லைடு.

பதிவேடு:
"ஒரிஜினல்"னா என்னன்னு இன்னும் யாரும் சொல்லலை.

புல்லட்டுக்காரன்:
புதுப்பேட்டையை டூப்ளிகேட்னு சொன்னதைத் திரும்ப வாங்கணும். எங்க ஊரைப் பத்தி மதுரையில உக்காந்துக்கிட்டுப் பேசக்கூடாது.

லேத்துப்பட்டறை:
நான் கேட்டதுக்கும் பதில் வரலைங்களே. ஜிகோவ் ஃப்ளோட் நீடில் எங்கே கிடைக்கும்? கடை, ஊர், விலை மூணும் சொல்லுங்க. ஃப்ளோட் ஓட்டையாகி பெட்ரோல் ஒழுகிக்கிட்டு வர்றவன்கிட்ட ‘கொடைக்கானல் ஏறின வண்டிப்பா’ன்னா சொல்றது?

இரட்டைக்குழல்:
பித்தளை ஃப்ளோட்டுக்கு ஓட்டை அடைக்க ஈயம் வச்சாப் போதும், உங்களுக்குத் தெரியாததா? நீடில் தேடுறவனுக்குக் கிடைக்கும். பெங்களூர் ஜேசி ரோடு இருக்கு, பழைய ஸ்டாக் வச்சிருக்கிறவங்க இருக்காங்க. அலையணும். அலைய மனசு இல்லாதவன் பழைய வண்டி வாங்கக்கூடாது. இப்போ என் கேள்விக்கு வாங்க. மிகுனி மாட்டின வண்டிகள்ல எத்தனைக்கு முதல்ல சீல் மாத்தினீங்க?

லேத்துப்பட்டறை:
தேடுறவனுக்குக் கிடைக்கும்! கடை பேர் ஒண்ணு வரலை பாத்தீங்களா. தம்பி, ஞாயித்துக்கிழமை பட்டறை திறந்திருக்கும், வண்டியைக் கொண்டு வா.

இரட்டைக்குழல்:
தம்பி, போறதா இருந்தா கையோட ரெண்டு சீலும் வாங்கிட்டுப் போ. அவர் முன்னாடியே பம்பு வச்சுப் பாரு, வீடியோ எடுத்து இங்கே போடு.