அண்ணனுக்கு 38 வயது, எட்டாம் வகுப்புத் தேர்ச்சி: பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு விண்ணப்பம் திரும்பிவிட்டது, இனி என்ன வழி?

காவிரித்தங்கை (கேள்வி):

வணக்கம். என் அண்ணனுக்காகக் கேட்கிறேன். கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பா தவறிய வருடம் ஒன்பதாம் வகுப்பின் நடுவிலேயே அண்ணன் பள்ளியை விட்டு நின்று, ஒரு வயரிங் மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்ந்தார். இன்று சுற்றுவட்டாரத்தில் யார் வீடு கட்டினாலும் வயரிங்குக்கு அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். கையில் இருக்கும் காகிதமோ பள்ளி கொடுத்த மாற்றுச் சான்றிதழ் ஒன்றுதான்.

போன ஆண்டு ஒரு கல்லூரியில் பராமரிப்பு எலக்ட்ரீஷியன் வேலை வந்தது. அண்ணன் செய்த வேலையைப் பார்த்துவிட்டு அவர்களே கூப்பிட்டார்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் மின் வேலைக்கான ஏதாவது ஒரு அரசுச் சான்றும் இல்லாமல் சேர்த்துக்கொள்ள முடியாது என்று கடைசியில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து பத்தாம் வகுப்பை எழுதியே தீருவது என்று இருக்கிறார்.

சென்ற மாதம் தனித்தேர்வர் விண்ணப்பம் போடச் சேவை மையத்துக்குப் போனோம். "அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பதிவு செய்த சீட்டு எங்கே?" என்று கேட்டார்கள். அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அது இல்லாமல் விண்ணப்பத்தை ஏற்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒருவர் வீடு தேடி வந்து, தேர்வே எழுத வேண்டாம், பணம் கட்டினால் மூன்று மாதத்தில் வடமாநில வாரியம் ஒன்றின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வந்துவிடும் என்கிறார். அண்ணன் மனம் அலைபாய்கிறது.

இந்த ஆண்டே எழுத ஏதாவது வழி உண்டா? மின் வேலைச் சான்றுக்குப் பத்தாம் வகுப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டுமா? இன்னொன்று, மாற்றுச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதியும் ஆதாரில் வேறு தேதியும் இருக்கின்றன. அதனால் பிரச்சினை வருமா?

மணப்பாறைக்காரன்:

ஏப்ரல் தேர்வு போனால் என்ன, ஜூன், ஜூலையில் துணைத்தேர்வு நடக்கிறதே. அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்:

துணைத்தேர்வு இவருக்குப் பயன்படாது. பள்ளியில் பத்தாம் வகுப்பே படிக்காமல் முதல்முறையாக எல்லாப் பாடங்களையும் எழுதுபவர் நேரடித் தனித்தேர்வர். அறிவியல் செய்முறைப் பயிற்சியை முடிக்காமல் எந்தப் பருவத்திலும் அவரால் எழுத முடியாது. பயிற்சி முடித்து, தேர்வெழுதி, ஏதாவது ஒரு பாடத்தில் தவறினால் அப்போதுதான் துணைத்தேர்வு கைகொடுக்கும்.

அம்மா, நடந்தது இதுதான். அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், செய்முறைக்கு 25. செய்முறையில் 15, எழுத்தில் 20 எடுத்தால்தான் தேர்ச்சி. பள்ளி மாணவன் செய்முறையைத் தன் பள்ளியிலேயே செய்துவிடுவான். வெளியிலிருந்து எழுதுபவருக்கு அந்த வாய்ப்பைத் தருவதற்காகவே அரசு ஒரு பள்ளியை ஒதுக்கிப் பயிற்சி தருகிறது. இதற்கான அறிவிப்பு பொதுத்தேர்வு விண்ணப்பத்துக்குப் பல மாதங்கள் முன்பே வந்து, நாளிதழில் ஒரு மூலையில் போய்விடுகிறது. தேர்வு விண்ணப்பச் செய்தியை மட்டும் எதிர்பார்த்திருப்பவர்கள் எல்லாரும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வேலைக்குப் போகிற, செய்தித்தாள் வாங்காத மனிதருக்கு இந்த ஏற்பாடு எப்படித் தெரியும்? சேவை மையத்தின் வாசலிலேயே பெரிய எழுத்தில் ஒட்டிவைக்க வேண்டிய செய்தி இது. எத்தனையோ பேர் இதனாலேயே மனம் விட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இந்த ஆண்டை விட்டுவிடுங்கள். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்தை மாதம் இருமுறையாவது பாருங்கள். அறிவிப்பு வந்தவுடன் படிவத்தைப் பதிவிறக்கி, இரண்டு நகல்கள் பூர்த்தி செய்து, மாவட்டக் கல்வி அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். ஒதுக்கப்படும் பள்ளியில் பயிற்சி வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை கட்டாயம். அதற்கேற்ப அண்ணன் வேலைகளை ஒப்புக்கொள்ளட்டும். பயிற்சிக்குப் பதிவது வேறு, தேர்வுக்கு விண்ணப்பிப்பது வேறு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்தவர்களும் உண்டு.

பிறந்த தேதியை அலட்சியமாக விடாதீர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறும் தேதிதான் பாஸ்போர்ட்டிலிருந்து வேலைவாய்ப்புப் பதிவுவரை எல்லாவற்றுக்கும் ஆதாரம். அச்சான பிறகு திருத்துவது பெரும்பாடு. பிறப்புச் சான்றிதழை எடுத்து, எது சரியென்று பாருங்கள். பள்ளிப் பதிவு சரியாக இருந்தால் ஆதாரைத் திருத்துங்கள். பள்ளிப் பதிவில் பிழை என்றால் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியரைப் பார்த்து, சேர்க்கைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, திருத்தத்துக்கு மனுக் கொடுங்கள்.

வீடு தேடி வந்தவரைத் திரும்ப வீட்டுக்குள் விடாதீர்கள். தேர்வு எழுதாமல் சான்றிதழ் தரும் அங்கீகரிக்கப்பட்ட வாரியம் இந்த நாட்டில் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த பிறகு சான்றிதழின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்க அனுப்புவார்கள். போலி என்று தெரிந்தால் வேலை போவது மட்டுமல்ல, வழக்கும் வரும். கொடுத்தவர் அப்போது ஊரில் இருக்க மாட்டார். இத்தனை வருடம் நேர்மையாக உழைத்தவர் மாட்டிக்கொள்வார்.

திண்டுக்கல் அக்கா:

தங்கச்சி, நானும் கல்யாணமாகி, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகுதான் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதித் தேறினேன். அண்ணனிடம் சொல்லுங்கள், தேர்வறையில் யாரும் வயதைப் பார்ப்பதில்லை. என் வரிசையில் ஒரு லாரி ஓட்டுநரும் சத்துணவு உதவியாளர் ஒருவரும் எழுதினார்கள்.

கணக்குதான் எல்லாருக்கும் பயம். வினாத்தாள் அமைப்பைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். ஒரு மதிப்பெண் வினா 14, அவற்றில் பல புத்தகத்தின் பயிற்சிப் பகுதியிலிருந்தே வரும். கடைசியில் செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8 மதிப்பெண். வடிவியலில் வடிவொத்த முக்கோணமும் தொடுகோடும், வரைபடத்தில் இருபடிச் சமன்பாடும் கை பழகும்வரை போட்டால் 16 மதிப்பெண் பக்கத்தில் வந்துவிடும். அளந்து கோடு போடுவது வயரிங் செய்பவருக்குப் புதிதா என்ன? 35 எடுத்தால் தேர்ச்சி. மீதிக்கு இரண்டு மதிப்பெண் வினாக்களைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அறிவியல் புத்தகத்தை வாங்கியதும் முதலில் 'மின்னோட்டவியல்' பாடத்தைத் திறந்து அண்ணன் கையில் கொடுங்கள். ஓம் விதி, தொடரிணைப்பு, பக்க இணைப்பு, வீட்டு மின்சுற்று, உருகி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. முழுப் புத்தகமும் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களையும் செல்பேசியில் பார்க்கலாம். டுடோரியலுக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

காவிரித்தங்கை:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. இரண்டு பதிலையும் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த ஆளுக்கு இன்று மாலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் அடுத்த ஆண்டு ஏப்ரல்வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் மின் வேலைச் சான்றா என்று கேட்கிறார். ஐ.டி.ஐ.யில் சேர வயதாகிவிட்டதே என்றும் கவலைப்படுகிறார்.

பயிற்றுநர், அரசு தொழிற்பயிற்சி நிலையம்:

சகோதரி, முதலில் வயதைப் பற்றி. அரசு ஐ.டி.ஐ.யில் ஆண்கள் 40 வயதுவரை சேரலாம். பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை. மின்கம்பியாள், அதாவது வயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும், இரண்டாண்டுப் படிப்பு. பயிற்சிக் கட்டணம் இல்லை. மாத உதவித்தொகை 750 ரூபாய், பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, புத்தகம் எல்லாம் அரசு தருகிறது. எட்டாம் வகுப்புக்குப் பிறகு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் பத்தாம் வகுப்புக்கு இணையான சான்றும் பெறலாம். கணக்கும் அறிவியலும் எழுத வேண்டியதில்லை. பலருக்கும் இது தெரியாது. ஆனால் நாள் முழுவதும் வகுப்பு. குடும்பத்தை நடத்தும் மனிதரை இரண்டு ஆண்டு கூலி இல்லாமல் உட்காரச் சொல்ல எனக்கு மனம் வராது.

உங்கள் அண்ணனுக்குப் பொருத்தமானது வேறு. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்றை எங்கள் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிறது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், உச்ச வயது வரம்பு இல்லை. மின் ஒயரிங் தொழிலில் குறைந்தது ஐந்து ஆண்டு செய்முறை அனுபவம் வேண்டும். இதில் தேறியவர் மின் உரிம வாரியத்தில் விண்ணப்பித்து உதவியாளர் தகுதிச் சான்றிதழ் பெறலாம். இதற்குப் பத்தாம் வகுப்பு வரட்டும் என்று ஒரு நாளும் காத்திருக்கத் தேவையில்லை. பள்ளிச் சான்றும் தொழில் சான்றும் இரண்டு தனி வழிகள். இரண்டிலும் ஒரே நேரத்தில் நடக்கலாம். ஒன்று முடிந்தால்தான் மற்றது என்று நினைத்து ஆண்டுகளைத் தொலைத்துவிட்டு எங்களிடம் வருபவர்களைப் பார்க்கும்போது மிகவும் வருத்தமாக இருக்கிறது.

இங்கே சிக்கல் வருவது அனுபவச் சான்றில். ஐம்பது வீட்டுக்காரர்கள் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரின் கடிதத்தாளில், அவருடைய உரிம எண்ணோடு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று தெளிவாக இருக்க வேண்டும். அண்ணனின் மேஸ்திரிக்கு உரிமம் இருந்ததா என்று விசாரியுங்கள். இல்லையென்றால், அவர் எந்த ஒப்பந்ததாரருக்குக் கீழ் வேலை எடுத்துச் செய்தார் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒருவர் இருப்பார்.

தேர்வில் கை வேலையை மட்டும் பார்ப்பதில்லை, காரணத்தையும் கேட்பார்கள். மூன்று முனைப் பிளக்கில் நில இணைப்பு முனை மட்டும் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது? செருகும்போது அது முதலில் தொட வேண்டும், எடுக்கும்போது கடைசியில் விடுபட வேண்டும், தவறிப்போய் மின்முனைத் துளைக்குள் நுழையவும் கூடாது. சுவிட்சை ஏன் எப்போதும் பேஸ் கம்பியில்தான் போட வேண்டும்? நியூட்ரலில் போட்டால் விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அண்ணன் இவற்றைத் தினமும் சரியாகவே செய்கிறார். ஏன் என்று வாயால் சொல்லப் பழகட்டும். வீட்டில் நீங்கள் கேளுங்கள், அவர் சொல்லட்டும்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா? எலக்ட்ரீஷியன்களும் அதில் சேரலாம். பதிந்தவர்களுக்கு அரசு குறுகிய காலத் திறன் பயிற்சி நடத்தும்போது, பயிற்சி நாள்களில் போகும் கூலிக்கு ஈடாக உதவித்தொகையும் தந்திருக்கிறது. பதியாவிட்டால் உடனே பதியச் சொல்லுங்கள்.

மணப்பாறைக்காரன்:

துணைத்தேர்வு விளக்கத்துக்கு நன்றி ஐயா. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் செய்முறை இல்லாத பாடங்களாக எடுத்து எழுதினால் சீக்கிரம் முடியாதா?

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்:

அது மத்திய அரசின் நிறுவனம், முறையான வாரியம். 1989இல் தொடங்கியது. ஐந்து பாடங்களை நாமே தேர்ந்தெடுக்கலாம், 33 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, ஐந்து ஆண்டுக்குள் ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதி முடிக்கலாம். தமிழ்வழியும் உண்டு. அடிக்கடி ஊர் மாறுபவர்களுக்கும், ஒரே மூச்சில் ஐந்து பாடம் எழுத முடியாதவர்களுக்கும் நல்ல ஏற்பாடு. இவருக்கு நான் மாநில வாரியத்தையே சொல்வேன். ஊரிலேயே பயிற்சிப் பள்ளி, தமிழ்ப் புத்தகம் இலவசம், சந்தேகம் கேட்கப் பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையன் இருப்பான். திறந்தநிலைப் பள்ளியில்தான் சேருவது என்றால் தமிழை ஒரு மொழிப்பாடமாகக் கட்டாயம் எடுக்கட்டும். கேட்கும் வேலைக்கு அந்தச் சான்று போதுமா என்று வேலை தருபவரிடம் முன்கூட்டியே விசாரித்துவிடட்டும்.

காவிரித்தங்கை:

மேஸ்திரியைப் பார்த்துவிட்டு வந்தோம். அவருக்கு உரிமம் இல்லை. ஆனால் அவர் கும்பகோணத்தில் ஓர் ஒப்பந்ததாரருக்குத்தான் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறார், அண்ணனும் அதே வேலைகளில் இருந்திருக்கிறார். ஒப்பந்ததாரர் அண்ணனைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, சான்று எழுதித் தர ஒப்புக்கொண்டார். பிறப்புச் சான்றிதழில் பள்ளியில் உள்ள தேதியே இருக்கிறது. எனவே ஆதாரைத் திருத்தக் கொடுத்துவிட்டோம்.

ஒரு சந்தேகம். ஒப்பந்ததாரரின் உரிமம் நடுவில் சில காலம் புதுப்பிக்கப்படாமல் இருந்ததாம். அந்த ஆண்டுகளையும் சேர்த்து எழுதலாமா?

பயிற்றுநர், அரசு தொழிற்பயிற்சி நிலையம்:

வேண்டாம். உரிமம் நடப்பில் இருந்த காலத்தை மட்டும் எழுதி வாங்குங்கள், அதிலேயே ஐந்து ஆண்டு நிறைந்தால் போதும். உரிமத்தின் நகலையும் புதுப்பித்த பக்கங்களின் நகலையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்ததும் படிவத்தை எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்ட அரசு ஐ.டி.ஐ. முதல்வர் அலுவலகத்துக்கு அண்ணனே நேரில் போகட்டும். மூலச் சான்றுகளைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.