முட்டைச் சுவரும் ஃபிளாஷும்: அப்பத்தாவைப் படமெடுக்க வழி சொல்லுங்கள்

பள்ளத்தூர்ப் பேரன்:
ஞாயிற்றுக்கிழமை அப்பத்தாவுக்கு 80 முடிகிறது. எங்கள் செட்டிநாட்டு வீட்டு வளவுப் பத்தியில் (நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) உட்காரவைத்து ஒரு நல்ல படம் எடுக்க ஆசை. நேற்று மாலை ஒத்திகை பார்த்தேன். முகம் விபூதி பூசியதுபோல் வெளுத்துவிட்டது, மூக்குக்கண்ணாடியில் இரண்டு நிலா, பின்சுவரில் ஒரு வெள்ளைப் பொட்டு. கேமராவிலேயே எழும்பும் சிறிய ஃபிளாஷ்தான் என்னிடம் இருக்கிறது. அதன்மேல் டிஷ்யூ தாளை ஒட்டிப் பார்த்தேன். படம் இருண்டதே தவிர முகத்தின் கடுமை குறையவில்லை. வீட்டில் இருப்பதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

கீழக்கோட்டை:
ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளை அட்டையைச் சாய்த்துப் பிடித்து, வெளிச்சத்தைக் கூரைக்கு அனுப்புங்கள். அங்கே பட்டுத் திரும்பினால் மென்மையாக இருக்கும்.

முகப்புத் திண்ணை:
கூரை யோசனை தாழ்ந்த வெள்ளைக் கூரைக்குச் சரி. நம் வீடுகளில் அது பர்மாத் தேக்கு. அதுவும் எட்டாத உயரத்தில். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். மிச்சத்தைக் கரிய மரம் விழுங்கிவிட்டுப் பழுப்பைத் திருப்பித் தரும். இருபது வருடமாகக் கல்யாண வீடுகளில் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

டிஷ்யூ ஏன் உதவவில்லை? ஃபிளாஷின் வாய் ஓர் அங்குலம். அதன்மேலேயே தாளை ஒட்டினாலும் அது ஓர் அங்குலம்தான். உச்சி வெயிலில் மூக்கு நிழல் கத்திபோல் விழுகிறது; மப்பு போட்டால் வானமே விளக்காகி நிழல் கரைந்துவிடுகிறது. வெளிச்சம் வரும் இடம் அகலமாக வேண்டும், அவ்வளவுதான்.

பலகாரம் வைக்கும் டப்பாவின் பால்வெள்ளை மூடி, அரை அடி அகலமாவது உள்ளதாகப் பாருங்கள். லென்ஸ் நுழையும்படி ஓட்டை வெட்டி, லென்ஸின் முன்விளிம்பில் மாட்டுங்கள். அதன் பின்னாலிருந்து ஃபிளாஷ் அடிக்கும்போது மூடி முழுவதும் ஒளிரும். மூடி இல்லையென்றால் பட்டர் பேப்பர் போதும். இட்லித் துணி வேண்டாம், மஞ்சள் கறை அப்படியே முகத்தில் இறங்கும். மூடியும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும்; ஃபிளாஷ் அளவைக் கூட்டி, கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 800 ஆக்கி, ஐந்தடி தூரத்தில் நில்லுங்கள். தள்ளிப்போனால் அந்த மூடியும் சிறுத்துப் பழைய ஃபிளாஷ் ஆகிவிடும்.

அடுத்தது சுவர். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர் கண்ணாடிக்குச் சமம். நேராக அடித்தால் நேராகவே திரும்பும். அப்பத்தாவைச் சுவரிலிருந்து நான்கடி முன்னால் உட்காரவைத்து, நீங்கள் சாய்வாக நில்லுங்கள். மூக்குக்கண்ணாடியின் காம்பைக் காதருகே ஒரு நூல் உயர்த்தினால் அந்த நிலாக்கள் தரைக்குப் போய்விடும்.

பள்ளத்தூர்ப் பேரன்:
மூடி பலித்தது. கண்ணாடியில் ஒரு நிலா மட்டும் போகவில்லை. காம்பைத் தொட அப்பத்தா விடவில்லை. முகமும் கண்டாங்கிக் கட்டமும் அழகாக விழுந்திருக்கின்றன. ஆனால் வெட்டியது சீப்புச் சீடை டப்பாவின் மூடி. இரண்டே நாளில் சீடை நமத்துப்போய், காலையிலிருந்து விசாரணை நடக்கிறது. புது டப்பா வாங்கக் காரைக்குடிக்குக் கிளம்பிவிட்டேன்.