தலைப்பிரட்டையும் பூண்டு வயலும் ஒரே படத்தில் வருமா?

பூம்பாறை விவசாயி:
கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை எங்கள் ஊர். வருகிறவர்கள் சாலையோரம் நின்று படிக்கட்டு வயல்களைப் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வயலுக்குள் இருக்கும் குட்டையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பூண்டுக்குத் தண்ணீர் எடுக்கும் அந்தக் குட்டையில் இப்போது தலைப்பிரட்டைகள் மொய்க்கின்றன. கீழே அவை, மேலே படிப்படியாக ஏறும் வயல்: இரண்டும் ஒரே படத்தில் வேண்டும்.

தண்ணீருக்குள் எடுக்கக்கூடிய சிறிய கேமரா ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். பாதி முக்கிப் பிடித்தால் படத்தின் நடுவே தடித்த, மங்கலான பட்டை விழுகிறது. ஒரு சிற்றலை வந்தாலும் முழுப் படமும் நீராகிவிடுகிறது, அல்லது வானமாகிவிடுகிறது. கீழ்ப்பாதி கரியாக இருக்கிறது. நான்கு நாட்களாகக் காலை ஆறரைக்கே இறங்குகிறேன், விரல் விறைத்ததுதான் மிச்சம். கேமராவை மாற்ற வேண்டுமா?

கோத்தகிரி ஆசிரியை:
மாற்ற வேண்டாம், தம்பி. குறை கேமராவில் இல்லை, கண்ணாடியின் அளவில் இருக்கிறது. நீர் எந்தக் கண்ணாடியைத் தொட்டாலும் விளிம்பில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலேறி ஒட்டிக்கொள்ளும். உங்கள் லென்சின் முன் இருப்பதோ நகத்தளவு சன்னல். அதில் மூன்று மில்லிமீட்டர் என்பது பெரும்பகுதி.

நான் செய்வது இது. 20 செ.மீ. நீளம், 15 அகலம், 20 உயரமுள்ள கண்ணாடி மீன்தொட்டி ஒன்றை வாங்குங்கள். அதற்குள் மரக்கட்டை வைத்து, முன்கண்ணாடியிலிருந்து 10 செ.மீ. பின்னால் கேமராவை நிறுத்துங்கள். அகலக் கோணத்தில் அந்தத் தொலைவில் கேமராவுக்குக் கண்ணாடியில் ஏறத்தாழ 14 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் தெரியும். அதே மூன்று மில்லிமீட்டர் இப்போது மெல்லிய கோடு. தொட்டியைப் பாதி அமிழ்த்துங்கள். லென்சின் நடுவும் நீர்மட்டமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள்: 10 செ.மீ. ஆழம் அமிழ்ந்தால் தொட்டி மூன்று லிட்டர் நீரை விலக்கும், அதாவது மூன்று கிலோ விசை அதை மேலே தள்ளும். தொட்டி, கேமரா இவற்றின் எடை போக மீதிக்குக் கூழாங்கற்களை உள்ளே அடுக்குங்கள். முதல் தடவை நான் கையால் அழுத்திப் பிடித்தேன்; கை நடுங்கி ஒரு படமும் தேறவில்லை. கேமராவின் பளபளப்பு கண்ணாடியில் தெரியாமலிருக்கக் கறுப்புத் துணியால் சுற்றிவிடுங்கள்.

ஆறரை மணியை விடுங்கள். சாய்ந்த வெயில் நீர்ப்பரப்பில் பட்டுப் பெரும்பாலும் திரும்பிவிடும். பதினொரு மணிக்கு மேல், மூடுபனி ஏறுவதற்குள், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். வெளிச்சத்தை வானத்தில் அளந்து, கேமராவில் அதே அளவில் பூட்டிவிட்டு, கீழ்ப்பாதியின் வெளிச்சத்தைப் பிறகு கணினியில் கூட்டிக்கொள்ளுங்கள். குவியத்தை மட்டும் தலைப்பிரட்டையில் வையுங்கள். கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சார் சிறியது என்பதால் தூரத்து வயலும் ஓரளவு தெளிவாகவே வரும்.

வால்பாறை அருண்:
அரைக்கோளக் கண்ணாடி மாட்டினால் இன்னும் நன்றாக இருக்குமே?

கோத்தகிரி ஆசிரியை:
பெரிய கேமராவுக்குச் சரி. ஆனால் அந்த வளைவு நீருக்குள் இருப்பதை மிக அருகில் இருப்பதுபோல் காட்டும். கீழும் மேலும் ஒன்றாகக் குவியாமல் திண்டாட வேண்டும். தட்டைக் கண்ணாடியில் 40 செ.மீ. தள்ளியிருப்பது 30 செ.மீ.யில் இருப்பதுபோல் தெரியும், அவ்வளவுதான். தலைப்பிரட்டை சற்றுப் பெரிதாக வருவது எனக்குப் பிடித்திருக்கிறது.

குன்னூர் தவளை ஆர்வலர்:
அண்ணா, ஒரு வேண்டுகோள். வேறு ஓடையில் இறக்கிய தொட்டியை ஈரத்தோடு உங்கள் குட்டைக்குக் கொண்டுவராதீர்கள். தவளைகளைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை நீரிலும் ஈரப்பொருள்களிலும் பரவும். முழுதாகக் காயவைத்தபின் இறக்குங்கள். குட்டைக்குள் நிற்காதீர்கள், சேறு கிளம்பினால் தெளிய வெகுநேரமாகும். கரையில் படுத்தபடி எடுங்கள்.

பூம்பாறை விவசாயி:
அம்மா, தம்பி, இருவருக்கும் நன்றி. நேற்று பதினொன்றரைக்குப் படுத்தபடியே எடுத்தேன். கோடு நூல்போல வந்திருக்கிறது. ஒரு தலைப்பிரட்டையின் வயிற்றுக்குள் குடல் சுருண்டிருப்பதுகூடத் தெரிகிறது. அதன் தலைக்கு மேலே ஏழு படி வயல். அப்பாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, மூன்றாவது படியில் கல்கட்டு சரிந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். நாளைக் காலை அங்கே வேலை.