மிதக்கும் டர்பைன்: 13 மீ/வி காற்றில் மேடை ஆட்டம் அடங்கவே இல்லை, உதவுங்கள்

கடலோடி:
வணக்கம். முதுகலை ப்ராஜெக்டுக்காக ஓபன்ஃபாஸ்ட் என்ற காற்றாலை சிமுலேஷன் மென்பொருளில் ஹைவிண்ட் ஸ்பார் (நெடிய உருளை மிதவை) மேல் என்ரெல் 5 மெகாவாட் மாதிரி டர்பைனை ஓட்டுகிறேன். அலை இல்லை, சீரான காற்று மட்டும். 8 மீ/வி காற்றில் மேடை கொஞ்சம் ஆடிவிட்டு நின்றுவிடுகிறது. 13 கொடுத்தால் சாய்வு பெருகிக்கொண்டே போகிறது. ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 30 நொடி. நங்கூர வடத்தில்தான் தப்போ என்று இரண்டு நாள் அதையே நோண்டினேன். பிளேடு பிட்ச் கெயினை (பிளேடு கோணத்தைக் கண்ட்ரோலர் எவ்வளவு பலமாகத் திருத்தும் என்ற அளவு) இரட்டிப்பாக்கினேன், இன்னும் மோசம். காற்று கூடினால் தள்ளுவிசையும் கூடி ஆட்டத்தை அடக்கத்தானே வேண்டும்?

காற்றாடி:
வடத்தை விடுங்கள். அது என்றால் மேடை மொத்தமாக முன்பின் நகரும், ஒரு முறைக்கு 2 நிமிடம் ஆகும். 30 நொடி என்பது சாய்வாட்டம்.

உங்கள் கடைசிக் கேள்வியில்தான் சிக்கல். 11.4 மீ/வி வரைதான் தள்ளுவிசை ஏறும். அங்கே 800 கிலோநியூட்டன் அளவைத் தொட்டு, அப்புறம் இறங்குமுகம். பவரை 5 மெகாவாட்டில் நிறுத்த பிளேடு திரும்பிக் காற்றை வழியவிடுகிறது. மேடை காற்றை நோக்கிச் சாயும்போது ரோட்டருக்குக் காற்று கூடியதாகத் தெரியும். கண்ட்ரோலர் உடனே பிளேடைத் திருப்பும், தள்ளுவிசை குறையும். தடுக்க வேண்டிய நேரத்தில் கையை எடுத்துவிடுகிறது! நெகட்டிவ் டேம்பிங் என்பார்கள். கண்ட்ரோலர் எவ்வளவு சுறுசுறுப்போ அவ்வளவு ஆபத்து. நீங்கள் கெயினை வேறு ஏற்றியிருக்கிறீர்கள். சர்வோடைன் (கண்ட்ரோல் அமைப்புகள்) கோப்பில் எந்த டிஸ்கான், அதாவது எந்தக் கண்ட்ரோலர் நிரல், இருக்கிறது?

கடலோடி:
ஐயோ. தரைக் காற்றாலைக்கானதுதான்.

பழையவலை:
அதேதான். அது 0.6 ரேடியன்/வி-க்கு ட்யூன் செய்தது. மேடையின் சாய்வாட்டமோ 0.21 பக்கம், கண்ட்ரோலர் அதைவிட வேகம். ஹைவிண்டுக்கான டிஸ்கானில் 0.2-க்கு இறக்கியிருப்பார்கள், விகித கெயின் 0.0188 இருந்த இடத்தில் 0.0063. 11.4 மீ/வி-க்கு மேல் ஜெனரேட்டர் டார்க்கையும் (முறுக்குவிசை) மாறாமல் வைத்திருப்பார்கள். கெயினை மட்டும் மாற்றிவிட்டு டார்க்கை மறந்துவிடாதீர்கள், நான் ஒரு வாரம் மறந்தேன்.

கடலோடி:
கோப்பை மாற்றி ஓட்டினேன். மெதுவாகத்தான், ஆனால் அடங்குகிறது! நன்றி அண்ணா. ஒன்று மட்டும்: கொந்தளிப்பான காற்றில் ரோட்டர் வேகம் நிமிடத்துக்கு 12.1 சுற்றை விட்டு முன்பைவிட அதிகம் விலகுகிறதே?

காற்றாடி:
விலகும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும். பவரும் கூடவே ஆடும். அலையைச் சேர்க்கும் முன் 12-இலிருந்து 24 வரை ஒவ்வொரு வேகத்துக்கும் ஓட்டிப் பாருங்கள். 12, 13 இரண்டையும் கூர்ந்து கவனியுங்கள், தள்ளுவிசை செங்குத்தாகச் சரிகிற இடம் அது.