'ஸ்னோபால்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம், ஒரு சொல்லுக்கு உதவி வேண்டும். புதுச்சேரிக் கடலரிப்பு பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை எங்கள் குப்பத்தில் வாசித்துக் காட்டத் தமிழில் எழுதுகிறேன். 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர் வடக்கே போகிற மணலை மறித்தது, கரை அரித்தது, கல் கொட்டினார்கள், அரிப்பு அடுத்த குப்பத்துக்குப் போனது, அங்கேயும் கல், அப்புறம் அதற்கும் அடுத்த ஊர். இதைத்தான் 'ஸ்னோபால்' என்கிறார்கள், அதாவது உருள உருளப் பெருத்து வேகமெடுப்பது. பனிப்பந்து என்று எழுதினால் இங்கே எல்லோருக்கும் மார்கழிப் பனிதான் நினைவுக்கு வரும், அது வெயில் ஏறினால் மறைந்துவிடும், அர்த்தமே தலைகீழாகிவிடுகிறது! 'வட்டி குட்டி போடுவது போல' என்றால் சரியாக இருக்குமா? கடலோரத்தில் புழங்கும் சொல் ஏதாவது இருந்தால் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டும்.