பழைய சாயப்பட்டறை இடத்துல மண் வீடு, மண்ணை எங்க டெஸ்ட் பண்றது?

வணக்கமுங்க, திருப்பூர் பக்கம் சித்தப்பாவோட இடம், 2011ல ஹைகோர்ட் உத்தரவுல சாயப்பட்டறைங்க மூடினப்போ நின்னுபோன பட்டறை, இப்ப அதுல மண் வீடு கட்டலாம்னு இருக்கோம். அஸ்திவாரம் தோண்டுற மண்ணையே 5% சிமெண்ட் கலந்து மெஷின்ல அழுத்தி கல்லு போட்டுக்கலாம், ஆரோவில்ல அப்படித்தான் பண்றாங்க, ஆனா இங்க ஒரு அடி தோண்டினாலே வெள்ளையா உப்பு பூக்குது, பழைய தொட்டி ஓரம் மண்ணு இன்னும் நீலமாவே கெடக்கு. உப்பு செவுத்துல ஏறி பூச்சை உதுத்துடும்னு மேஸ்திரி சொல்றாரு, சரின்னுதான் தோணுது. எனக்கு அதைவிட குரோமியம் மாதிரி உலோகம்தான் பயம், வீட்ல சின்னப் பசங்க இருக்காங்க. கோயமுத்தூர் பக்கம் ரெண்டையும் பாக்குற லேப் எது, சாம்பிள் எத்தனை அடி ஆழத்துல எடுக்கணும்? வெளி மண்ணு அடிச்சு கட்டினவங்க இருந்தா லோடு ரேட்டும் சொல்லுங்க. போர் தண்ணியும் உப்புதான், கல்லுக்கு லாரி தண்ணி வாங்கணுமா?