மூக்கில் தெளித்தால் நுரையீரல் தேறுமா?

செங்காந்தள்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பலவகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லும் ஜீனை அடக்கும் மருந்தும் வந்துவிட்டனவாம், வைரஸ் நிமோனியாவின் கதை முடிந்ததாம். ஆதாரம்? ஜீனை அடக்கும் மருந்தை மூக்கில் தெளித்து, ஆர்.எஸ்.வி. என்ற சுவாச வைரஸின் தொற்றை 38 விழுக்காடு குறைத்தார்கள் என்பதுதான். மூக்கு வேறு, நுரையீரல் வேறு. அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் நலமாக இருந்த பெரியவர்கள். சோதனைக்காக வைரஸைச் செலுத்துவதற்கு 2 நாள் முன்பே தெளிக்கத் தொடங்கிவிட்டார்கள். மூச்சுத் திணறிப் படுத்திருப்பவருக்கு இதனால் என்ன பயன்?

மருதன்:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். ஒப்பீட்டுக்காகப் பொய்மருந்து பெற்றவர்களில் 71.4 விழுக்காட்டினருக்குத் தொற்று, ஏ.எல்.என்-ஆர்.எஸ்.வி.01 என்ற அந்தத் தெளிப்பு மருந்து பெற்றவர்களில் 44.2. வெளியானது 2010இல். ஜீனை அடக்கும் இந்தக் குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. மனித உடலில் வைரஸைத் தடுக்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

செங்காந்தள்:
நுரையீரல் வேண்டும்.

கயல்:
தொற்று என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? வைரஸ் வளர்ந்ததையா, நோய் வந்ததையா? அதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

மருதன்:
44.2 என்பது 71.4ஐவிடக் குறைவு. இதற்கு அகராதி தேவையில்லை.

செங்காந்தள்:
மூக்கில் குறைவு. ஸ்டெம் செல்லைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை? கோவிட் முற்றி வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு ரெமெஸ்டெம்செல் என்ற ஸ்டெம் செல் மருந்தைக் கொடுத்த ஆய்வை 300 பேருக்கென்று திட்டமிட்டார்கள். இறப்பைக் குறைக்கும் வாய்ப்பில்லை என்று தெரிந்து, 2020 டிசம்பரில் ஆள் சேர்ப்பதை நிறுத்தினார்கள்.

மருதன்:
அதே ரெமெஸ்டெம்செல்லுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்துவிட்டது. அதைச் சொல்ல மனம் வரவில்லையா?

செங்காந்தள்:
எந்த நோய்க்கு? பிறரிடமிருந்து பெற்றுப் பொருத்திய அணுக்கள் குழந்தையின் உடலையே தாக்கும்போது, ஸ்டீராய்டுக்கும் அடங்காத நிலையில் கொடுப்பதற்கு. நுரையீரல் தொற்றுக்கு அல்ல. பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குவது உங்கள் வழக்கம். தடுப்பூசி விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள், நான் மறக்கவில்லை. இன்னொன்று: நரம்பில் ஏற்றும் இந்தச் செல்களில் பெரும்பாலானவை நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிச் சில நாட்களில் மறைந்துவிடுகின்றன. அவை சுரப்பவை அழற்சியைத் தணிக்கலாம். புது நுரையீரல் முளைக்காது.

வழிப்போக்கன்:
குருத்தணு என்று நல்ல தமிழ்ச்சொல் இருக்கும்போது ஸ்டெம் செல் எதற்கு?

கயல்:
நோயாளியிடம் குருத்தணு என்று சொல்லிப் பாருங்கள், தென்னங்குருத்தா என்று கேட்பார்.

வழிப்போக்கன்:
நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? உங்களைப் போன்றவர்களால்தான் அறிவியல் தமிழ் வளராமல் நிற்கிறது.

மருதன்:
சொல்லாராய்ச்சிக்குத் தனி இழை தொடங்குங்கள். ஆர்.என்.ஏ. குறுக்கீட்டுக்கு 2006இல் நோபல் கொடுத்தார்கள். 2018இல் பாடிசிரான் என்ற குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. மருந்து சந்தைக்கே வந்துவிட்டது.

செங்காந்தள்:
அது கல்லீரலுக்குப் போகும் மருந்து. நேற்று மூக்கு, இன்று கல்லீரல். நுரையீரலுக்கு எப்போது வருவீர்கள்? நானே வருகிறேன். நீங்கள் கொண்டாடும் அந்த மூக்கு மருந்தையே, நுரையீரல் மாற்றிக்கொண்டு ஆர்.எஸ்.வி.யும் தொற்றியவர்களுக்கு மூச்சில் இழுக்கக் கொடுத்தார்கள். 2012இல் வந்த முடிவு: முதன்மை இலக்கை எட்டவில்லை.

மருதன்:
மயிரிழையில் தவறியது! அந்த இலக்கு மூச்சுச் சிறுகுழாய்கள் அடைபடுவதைப் பற்றியது, வைரஸைப் பற்றியது அல்ல. 44.2ஐ உங்களால் மறுக்க முடியவில்லை.

செங்காந்தள்:
நான் மறுக்கவே இல்லை. மூக்கு என்கிறேன்.

மருதன்:
71.4, 44.2. மறுபடியும் படியுங்கள்.

செங்காந்தள்:
மூக்கு.